கார் கார்பெட் ஈரம், நாத்தம், திரும்பி வர்ற கறை: எதுக்கு எங்க பாக்கணும்

"போன ஞாயித்துக்கிழமைதான் இன்டீரியர் வாஷ் பண்ணேன், மறுபடி அதே நாத்தம் அடிக்குதுண்ணா"ன்னு ஒரு போன் வராத வாரம் எனக்குக் கிடையாது. சென்னையில வீட்டு வாசலுக்கே வந்து கார் கிளீன் பண்ணிக் குடுக்குற வேலை என்னோடது. ஒரு வெட் வேக்குவம் (தண்ணியையும் சேத்து உறிஞ்சுற வேக்குவம் கிளீனர்), நாலு 20 லிட்டர் கேன், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ரெண்டு மூணு பிரஷ், ஒரு மூட்டை பழைய துணி, அவ்ளோதான் கடை. இந்த மாதிரி கூப்பிடுறவங்க வண்டியில பாதிக்கு மேல மேல்பக்கம் பளிச்சுன்னுதான் இருக்கும், கார்பெட்டுக்கு அடியில விரல் தண்டிக்கு ஃபெல்ட் பஞ்சோ ஃபோமோ ஒண்ணு இருக்கே, அதுதான் தண்ணிய குடிச்சுட்டு கம்முன்னு உக்காந்திருக்கும்.

அதனால பிரச்சனை எதுவா இருந்தாலும் மொத வேலை இது. மேட்ட எல்லாம் வெளிய எடுங்க, டிஷ்யூ பேப்பர நாலா மடிச்சு கார்பெட் மேல வைங்க, அது மேல முட்டி போட்டு முழு வெயிட்டையும் இறக்கி பத்து செகண்ட் அழுத்துங்க. நாலு மூலையிலயும் இத பண்ணணும், டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி இருக்குற பள்ளத்த விட்டுடாதீங்க, தண்ணி வேற எங்கயோ நுழைஞ்சு ஓடிவந்து அங்க தேங்கியிருக்கலாம். டிஷ்யூ காஞ்சு வந்தா நேரா கறை பக்கம் போயிடுங்க. ஈரமா வந்துச்சுன்னா ஷாம்பு பாட்டில உள்ள வச்சுடுங்க.

## கார்பெட் ஈரமா இருக்கு

### மழையே இல்ல, முன்னாடி இடது பக்கம் மட்டும் ஈரம்

ஏசி தண்ணியா இருக்கும். நம்ம ஊரு வண்டியில ஏசி கூலிங் காயில் பெரும்பாலும் டேஷ்போர்டுக்குள்ள இடது பக்கம்தான் இருக்கு, அதுல சேர்ற தண்ணி ஒரு சின்ன ரப்பர் டியூப் வழியா வண்டிக்கு அடியில சொட்டணும். தூசியும் பாசியும் சேந்து அந்த டியூப் அடைச்சுக்கிட்டா தண்ணிக்குப் போக வழி இல்லாம உள்ள கால் வைக்கிற இடத்துல இறங்கிடும்.

வண்டிய வெட்டவெளியில நிறுத்தி (பேஸ்மென்ட்ல வேணாம், புகை சேரும்) ஏசிய ஃபுல்லா வச்சு 15 நிமிஷம் ஓட விட்டுட்டு அடியில குனிஞ்சு பாருங்க. சென்னை புழுக்கத்துக்கு தரையில சின்னதா ஒரு குட்டையே கட்டியிருக்கணும். சொட்டுகூட இல்லன்னா அடைப்பு. இஞ்சின ஆஃப் பண்ணிட்டு, டியூப் முனை கைக்கு எட்டுற இடத்துல இருந்தா வெட் வேக்குவம் ஓஸ அதுல வச்சு சுத்தி ஈரத்துணிய பிடிச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் இழுங்க, கருப்பா கொழகொழன்னு ஒண்ணு வந்து விழும், அதோட தண்ணியும் கொட்டும். பஞ்சர் கடை ஏர் கன்ன வச்சு கீழ இருந்து மேல ஊதாதீங்க, உள்ள டியூப் கழண்டுடுச்சுன்னா ஐம்பது ரூபா வேலை டேஷ்போர்டு வேலை ஆயிடும். வெறும் ஜாக்கி மேல நிக்கிற வண்டிக்கு அடியிலயும் போகக் கூடாது, கை எட்டலன்னா விட்டுடுங்க.

அடியில நல்லா சொட்டுது, ஆனா உள்ளயும் ஈரமாகுதுன்னா டியூப் உள்பக்கம் நழுவியிருக்கும் இல்ல கூலிங் காயில் இருக்குற பாக்ஸ்ல கிராக் இருக்கும். அது ஏசி மெக்கானிக் வேலை.

### மழை பெஞ்சா மட்டும் ஈரம்

செலவே இல்லாததுல இருந்து வரேன். மொதல்ல வைப்பருக்குக் கீழ இருக்குற பிளாஸ்டிக் ஜல்லடைய பாருங்க, மரத்தடியில நிக்கிற வண்டியா இருந்தா வேப்பிலையும் கொன்றைப் பூவும் மக்கி உரமாவே ஆயிருக்கும், அள்ளிப் போட்டா முடிஞ்சது. அடுத்தது கதவுக்கு அடி ஓரத்துல இருக்குற சின்ன சின்ன ஓட்டை, கண்ணாடி வழியா கதவுக்குள்ள இறங்குற மழைத்தண்ணி அது வழியாத்தான் வெளிய போகணும், சேறு அடைச்சிருந்தா ஒரு ஈர்க்குச்சி போதும். வண்டிய ஆட்டினா கதவுக்குள்ள சளக் சளக்னு சத்தம் வந்தா இதுதான்.

அப்புறம் ஒரு கேள்வி கேப்பேன், "சார், சமீபத்துல ஸ்பீக்கர் மாத்தினீங்களா?" கதவு பேடுக்குப் பின்னாடி ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்கும், அதுதான் தண்ணிய உள்ள விடாம தடுக்குறது, ஸ்பீக்கர் மாட்டுறவரு அவசரத்துல அத கிழிச்சுட்டு பேட மாட்டிட்டு போயிடுவாரு, நம்மளும் பாட்டு நல்லா கேக்குதுன்னு சந்தோஷமா இருப்போம், ஐப்பசி மழையில கால் நனையும். பேட கழட்டி ஷீட்ட பியூட்டைல் டேப் (தண்ணி புகாத ரப்பர் மாதிரி டேப்) வச்சு ஒட்டினா சரியாயிடும்.

சன்ரூஃப் இருந்தா மூலை ஓட்டையில ஒரு டம்ளர் தண்ணிய மெதுவா ஊத்திப் பாருங்க, வண்டிக்கு அடியில வரணும். வரலன்னா கம்பிய விட்டுக் குத்தாதீங்க, உள்ள டியூப் ஜாயிண்ட் கழண்டுக்கும். இதுலயும் முன்கண்ணாடி ஓரத்துல இருந்து வர்ற தண்ணியிலயும் நான் கை வைக்கிறதே இல்ல, ஷோரூமுக்கோ கண்ணாடி கடைக்கோ அனுப்பிடுவேன்.

எங்க இருந்து வருதுன்னே பிடிபடலன்னா ஒருத்தர் டார்ச்சோட உள்ள உக்காரணும், இன்னொருத்தர் ஓஸ்பைப்ப மெல்லிசா திறந்து கீழ இருந்து மேல ஒவ்வொரு இடமா அஞ்சஞ்சு நிமிஷம் விடணும். மேல இருந்து ஆரம்பிச்சா எல்லா இடமும் ஒரே நேரத்துல நனையும், ஒண்ணும் தெரியாது.

### தேங்கின தண்ணியில ஓட்டினதுக்கு அப்புறம் ஈரம்

தரைத் தகட்டுல வட்டமா ரப்பர் மூடி போட்டிருப்பாங்க, அதுல ஒண்ணு விழுந்திருக்கும். கார்பெட் ஓரத்த தூக்கிப் பாத்தா தெரியும். மூடி சல்லிசா கிடைக்கும். தகடே துரு பிடிச்சு ஓட்டையாயிருந்தா டிங்கர் கடைதான்.

### பிசுபிசுன்னு ஈரம், லேசா இனிப்பு வாசனை

கூலன்ட். ஹீட்டர் பக்கம் லீக். முன்கண்ணாடி உள்பக்கம் எண்ணெய் தடவின மாதிரி மங்கலா இருக்கும், இஞ்சின் ஆறின பிறகு பாத்தா கூலன்ட் டப்பாவுல லெவல் குறைஞ்சிருக்கும். இதுல நீங்க பண்ண ஒண்ணும் இல்ல, அன்னைக்கே மெக்கானிக். அது விஷம், கொழந்தைங்களையும் நாயையும் வண்டியில ஏத்தாதீங்க.

### ஓட்டைய அடைச்சாச்சு, எப்படி காய வைக்கிறது

கதவு ஓரத்துல இருக்குற பிளாஸ்டிக் பட்டிய மேல பாத்து இழுத்தா கிளிப் கழண்டு வரும். கார்பெட் ஓரத்த தூக்கி அடியில ரெண்டு காலி தண்ணி பாட்டில சொருகுங்க, மொதல்ல வெட் வேக்குவம் போட்டு ஃபெல்ட்ட அழுத்தி அழுத்தி இழுங்க, அப்புறம் ஒரு டேபிள் ஃபேன அந்த சந்துக்கு நேரா ராத்திரி முழுக்க ஓட விடுங்க. கத்திரி வெயில்னா ஒரு நாள், கார்த்திகை மாசம்னா மூணு நாள்கூட ஆகும். மறுபடி டிஷ்யூ டெஸ்ட். காஞ்சு வர்ற வரைக்கும் மேட்ட போடாதீங்க.

இங்க ஒரு வயித்தெரிச்சல சொல்லிக்கிறேன். புது வண்டி எடுத்ததும் கார்பெட் அழுக்காகக் கூடாதுன்னு அது மேலயே வினைல் ஷீட்ட ஒட்டி ஃப்ளோர் லேமினேஷன் பண்ணிக்கிறாங்க, இல்ல தொட்டி மாதிரி 7டி மேட் போடுறாங்க. மேல ஒரு பொட்டு அழுக்கு இருக்காது, ஆனா அடியில தண்ணி போச்சுன்னா ஆவியாகி வெளிய வர வழியே கிடையாது. ரெண்டு வருஷம் கழிச்சு அத தூக்கிக் காட்டினா ஓனரே மூக்க பொத்திக்கிட்டு நாலடி தள்ளிப் போயிடுவாரு. 7டி மேட்தான் வேணும்னா மாசம் ஒரு தடவை தூக்கிப் பாருங்க. லேமினேஷனுக்கு நான் ஆதரவே கிடையாது.

## நாத்தம் அடிக்குது

### காலையில கதவ திறந்ததும் மக்கின வாடை, அப்புறம் தெரியல

கார்பெட் ஈரம் இல்ல ஏசி ஃபில்டர், ரெண்டுல ஒண்ணு. கதவ எல்லாம் சாத்திட்டு ஏசி போடாம அஞ்சு நிமிஷம் உக்காருங்க, வாடை இருந்தா கார்பெட் பக்கம். ஏசி போட்ட மொத ரெண்டு நிமிஷம் மட்டும் வந்தா ஃபில்டர் பக்கம்.

கார்பெட் மேல வெள்ளையா ஏதோ பூத்திருக்குன்னா ஈர விரல வச்சு தேய்ங்க. கரைஞ்சு காணாமப் போனா அது உப்பு. இழுவி கறையாகி மக்கின வாடை அடிச்சா பூஞ்சை. பூஞ்சைய காஞ்ச நிலையில பிரஷ் போட்டு பறக்க விடாதீங்க, மாஸ்க் போட்டுக்கிட்டு கதவ நாலையும் திறந்து வச்சு ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைச்ச துணியால துடைச்சு எடுங்க, அந்த நேரத்துல பக்கத்துல சிகரெட், விளக்கு எதுவும் இருக்கக் கூடாது. ஃபெல்ட் உள்ளயே பூத்திருந்தா கழுவி பிரயோஜனம் இல்ல, அந்த துண்ட வெட்டி எடுத்துட்டு புதுசு போடணும்.

பாச்சை உருண்டை, கற்பூரம், காபிப்பொடி, எலுமிச்சம்பழம் எல்லாத்தையும் நான் சீட்டுக்கு அடியில பாத்திருக்கேன். ரெண்டு நாத்தம் சேந்து மூணாவதா ஒண்ணு வரும்.

### புளிச்ச வாடை: பால், தயிர், தோசை மாவு, வாந்தி

எங்க ஊர்ல கார்பெட்டுக்கு எமன்னு ஒண்ணு இருந்தா அது கடையில வாங்குற இட்லி மாவு பாக்கெட்தான். திரும்புற வளைவுல சாஞ்சு, பாக்கெட் உப்பி வெடிச்சு, சீட் ரெயில் வழியா இறங்கி ஃபெல்ட்டுல போய் பொங்கிக்கிட்டு இருக்கும்.

அன்னைக்கே பாத்துட்டீங்கன்னா ஸ்பூனால வழிச்சு எடுங்க, பச்சைத்தண்ணி விட்டு வேக்குவம், மறுபடி தண்ணி, மறுபடி வேக்குவம். சுடுதண்ணி வேணாம், பாலும் வாந்தியும் வெந்து நார்ல பிடிச்சுக்கும், மாவு கஞ்சியாவே ஆயிடும். ரெண்டு மூணு நாள் ஆயிடுச்சுன்னா என்சைம் கிளீனர் வேணும், நாய் பூனை வளர்க்குறவங்களுக்கான கடையில சிறுநீர் வாடைக்குன்னு விப்பாங்களே அதுதான். மேல ஸ்ப்ரே அடிச்சா பத்தாது, பால் எவ்ளோ ஆழம் போச்சோ அவ்ளோ ஆழம் போற மாதிரி ஊத்தணும், மேல ஈரத்துணி போட்டு ஏழெட்டு மணி நேரம் காயாம வச்சிருக்கணும், அப்புறம்தான் இழுக்கணும். அதுக்கு முன்னாடி பினாயிலோ டெட்டாலோ ஊத்தியிருந்தா என்சைம் வேலை செய்யாமப் போகலாம், அதனால போன்லயே "எதுவும் ஊத்தாதீங்க மேடம், அப்படியே விடுங்க"ன்னு சொல்லிடுவேன்.

காசிமேட்டுல இருந்து மீன் வாங்கிட்டு வர்ற வழியில பை ஒழுகின கேஸுக்கும் இதே வழிதான், கடைசி அலசல்ல மட்டும் ஒரு லிட்டர் தண்ணிக்கு 50 மில்லி வினிகர் சேத்துப்பேன். ரெண்டு தடவை என்சைம் போட்டும் வாடை இருந்தா தண்ணி சீட் ரெயிலத் தாண்டி உள்ள போயிருக்கு, சீட்ட கழட்டித்தான் ஆகணும். நான் கழட்ட மாட்டேன். சீட்டுக்கு அடியில மஞ்சள் கலர் கனெக்டர் பாத்தீங்கன்னா அது ஏர்பேக், சீட்பெல்ட் சம்பந்தப்பட்டது, அத தெரியாம பிடுங்கினா டேஷ்போர்டுல ஏர்பேக் லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கும், அதோட முடிஞ்சா அதிர்ஷ்டம். சர்வீஸ் சென்டர்ல சீட்ட இறக்கச் சொல்லுங்க, நான் அங்க வந்து கழுவிக் குடுக்குறேன். எலக்ட்ரிக், ஹைப்ரிட் வண்டின்னா ஆரஞ்சு கலர் கேபிள் பக்கமே கை போகக் கூடாது.

### செத்த வாடை, இல்ல மூக்கு எரியிற மூத்திர வாடை

எலி. ஃபில்டர் பாக்ஸ், டேஷ்போர்டு ஓரம், ஸ்டெப்னி குழி மூணையும் பாருங்க. கிளவுஸ் இல்லாம தொடக் கூடாது, எலிக்காய்ச்சல் வர்றதே அதோட மூத்திரத்துல இருந்துதான். எலி வந்திருந்தா வயர் கடிச்சிருக்க வாய்ப்பு நிறைய, கார்பெட்டுக்கு முன்னாடி எலக்ட்ரீஷியன கூப்பிடுங்க.

## கறை போச்சு, மறுநாள் அதே இடத்துல திரும்பி வந்துடுச்சு

என்ன ஏமாத்திட்டன்னு கஸ்டமர் சண்டைக்கு வர்ற ஐட்டம் இது. நானும் ஆரம்பத்துல ரெண்டு மூணு தடவை காச திருப்பிக் குடுத்திருக்கேன். காபி கீழ ஃபெல்ட் வரைக்கும் போயிருக்கும், நம்ம மேல மட்டும் எடுத்திருப்போம், காயும்போது அடியில இருக்குற தண்ணி விளக்குத் திரியில எண்ணெய் ஏர்ற மாதிரி நார் வழியா மேல ஏறும், கறையையும் கூடவே தூக்கிட்டு வந்து நுனியில விட்டுட்டு அது மட்டும் ஆவியா போயிடும்.

மறுபடி தேய்க்காதீங்க. வெறும் தண்ணிய லேசா ஸ்ப்ரே பண்ணி வேக்குவம் போடுங்க, அதுக்கப்புறம் தண்ணி விடாம வெறும் வேக்குவம் மட்டும் நாலஞ்சு தடவை மெதுவா இழுங்க. பழைய வெள்ளை வேட்டிய எட்டா மடிச்சு கறை மேல வச்சு, அது மேல தண்ணி நிரப்பின 20 லிட்டர் கேன தூக்கி வச்சுட்டு ராத்திரி விட்டுடுங்க. காலையில கறை வேட்டியில இருக்கும். இல்லன்னா இன்னொரு ராத்திரி.

கறை போயிடுச்சு ஆனா சுத்தி வட்டமா கோடு நிக்குதுன்னா அந்த இடத்த மட்டும் கழுவியிருக்கீங்க, ஓரத்துல இருந்து ஓரம் வரைக்கும் அந்த முழு பகுதியையும் ஒரே மாதிரி நனைச்சு இழுத்துடுங்க.

## சாம்பார் கறை, கிளீனர் அடிச்சதும் செக்கச்செவேல்னு ஆயிடுச்சு

பயப்படாதீங்க, ஆரத்தி தட்டுல மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா என்ன ஆகுமோ அதுதான் ஆயிருக்கு. நம்ம வச்சிருக்குற ஆல் பர்ப்பஸ் கிளீனர், சோப்புத்தூள் எல்லாமே பெரும்பாலும் சுண்ணாம்பு மாதிரி காரத்தன்மை (ஆல்கலி) உள்ளது, மஞ்சள் பட்டதும் சிவக்கும். தண்ணி கலந்த வினிகர லேசா அடிங்க, சிவப்பு திரும்ப மஞ்சளாகும், இழுத்துட்டு பாத்திரம் கழுவுற லிக்விட ரெண்டு சொட்டு தண்ணியில கலந்து ஒத்தி எடுங்க, எண்ணெயும் சேந்து வரும். மிச்சம் இருக்குற மஞ்சள் சாயத்துக்கு நல்ல மருந்து வெயில்தான். மேட்டா இருந்தா மொட்டை மாடியில ரெண்டு மூணு நாள் போட்டாலே வெளுத்துடும். வண்டியோட ஒட்டின கார்பெட்னா அந்தப் பக்கம் வெயில் விழுற மாதிரி கதவ திறந்து நிறுத்துங்க.

அவசரம்னா மெடிக்கல்ல விக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடு, அது பெரும்பாலும் 6 சதவீதம் இருக்கும், பாதிக்குப் பாதி தண்ணி கலந்து சீட்டுக்கு அடியில மறைவான இடத்துல டெஸ்ட் பண்ணிட்டு போடுங்க, கருப்பு கார்பெட்ட பழுப்பாக்கிடும் ஜாக்கிரதை. அதையும் வினிகரையும் ஒரே பாட்டில்ல கலக்கவே கூடாது, முன்னாடி போட்ட வினிகர தண்ணி விட்டு அலசி எடுத்துட்டுதான் போடணும். பாத்ரூம் பிளீச் இந்த ஆட்டத்துலயே கிடையாது.

## காஞ்சதும் மொரமொரன்னு இருக்கு, சீக்கிரம் அழுக்காகுது

ஷாம்பு தங்கியிருக்கு. நொர நிறைய வந்தா நல்லா போகும்னு நெனச்சு மூடி மூடியா ஊத்துறது, இல்ல துணி சோப்புத்தூள போடுறது. மிச்சம் தங்குற சோப்பு செருப்புத் தூசிய எல்லாம் பிடிச்சு வச்சுக்கும். ஈரத்துணி வச்சு தேய்ச்சுப் பாருங்க, நொர வந்தா சந்தேகமே இல்ல. வெறும் தண்ணி விட்டு இழுங்க, மீன் வாடைக்குச் சொன்ன வினிகர் தண்ணிய ஒரு தடவை, அதுக்கப்புறம் வெறும் வேக்குவம், காஞ்சதும் பிரஷால நார நிமித்தி விட்டா மெத்துனு வந்துடும்.

நொர வரல, ஆனா வெள்ளை பூத்து மொரமொரங்குதுன்னா தண்ணிதான் காரணம். ஓ.எம்.ஆர். பக்கம் நிறைய அபார்ட்மெண்ட்ல போர்வெல் தண்ணி உப்பு, குழாய பாத்தாலே தெரியும். கடைசி அலசலுக்கு நான் கேன் தண்ணி தூக்கிட்டுப் போறதே இதுக்குத்தான்.

## எவ்ளோ வேக்குவம் போட்டாலும் மணல் வந்துக்கிட்டே இருக்கு

தண்ணி பட்டா மணல் இன்னும் உள்ள இறங்கும், அதனால காஞ்ச நிலையிலதான் வேலை. மேட்ட குப்புறப் போட்டு பின்பக்கமா அடிங்க, பாய உதறுற மாதிரி. வண்டி கார்பெட்னா பிரஷ் கட்டையோட பின்பக்கத்தால தட்டிக்கிட்டே இன்னொரு கையில வேக்குவம மெதுவா, ஒரு அடிக்கு பத்து செகண்ட் கணக்குல நகத்துங்க. பெசன்ட் நகர் போயி கடல்ல நனைஞ்ச காலோட ஏறியிருந்தா வேற கதை, கடல் உப்பு காத்துல இருக்குற ஈரத்த இழுத்து வச்சுக்கும், காலையில தொட்டா சில்லுன்னு ஈரமா இருக்கும் மத்தியானம் காஞ்சிருக்கும், நாளாக நாளாக அடித்தகடு துரு பிடிக்கும். மணல எல்லாம் எடுத்த பிறகு நல்ல தண்ணியில ரெண்டு தடவை அலசி இழுங்க.

நாய் முடி இதுல ஒரு சிறு தொல்லை. ரப்பர் கிளவுஸ லேசா ஈரமாக்கி ஒரே திசையில இழுத்தா உருண்டு உருண்டு வரும்.

## டிரைவர் மேட் வழுக்குது, முன்னாடி நகருது

கறை எல்லாத்தையும் விட இது சீரியஸ். வாஷ் பண்ற இடத்துல ரப்பர் மேட்டு பளபளன்னு இருக்கணும்னு டயர் பாலிஷ தடவிடுவாங்க, செருப்போட மிதிச்சா பிரேக்ல இருந்து கால் வழுக்கும். பாத்திரம் கழுவுற லிக்விட் போட்டு முரட்டு பிரஷால ரெண்டு தடவை தேய்ங்க, கையில வழவழப்பு போற வரைக்கும். அடுத்து தரையில இருக்குற கொக்கிய பாருங்க, மேட் அதுல மாட்டி இருக்கணும், கொக்கி உடைஞ்சிருந்தா புதுசு வாங்குங்க. ஒரிஜினல் மேட் மேல நூடுல்ஸ் மேட், அது மேல இன்னொண்ணுன்னு அடுக்காதீங்க. மேட்டு ஆக்சிலரேட்டர்ல சிக்குதுன்னு 2009-ல டொயோட்டா அமெரிக்காவுல கிட்டத்தட்ட 38 லட்சம் வண்டிக்கு ரீகால் அறிவிச்சாங்க. மேட்ட போட்டதும் ஆக்சிலரேட்டர கையால கடைசி வரைக்கும் அழுத்தி விட்டுப் பாத்துட்டுதான் நான் சாவியவே திருப்பிக் குடுப்பேன்.

## வெள்ளத்துல வண்டி முங்கிடுச்சு

2015 டிசம்பர்லயும் 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் அப்பவும் இந்த போன்தான் நாள் பூரா. தண்ணி கதவ தாண்டி உள்ள போயிருந்தா சாவி போடாதீங்க, ஸ்டார்ட் ஆகுதான்னு ஒரு தடவைகூட பாக்காதீங்க. போட்டோ எடுங்க, தண்ணி நின்ன மட்டம் தெரியிற மாதிரி, இன்சூரன்ஸுக்கு சொல்லுங்க, சர்வேயர் பாத்த பிறகுதான் கிளீனிங். அவசரப்பட்டு கழுவி சுத்தமாக்கி வச்சா கிளைம்ல என்னத்த காட்டுவீங்க. பேட்டரிய மெக்கானிக் கழட்டட்டும், வண்டிய ஃபிளாட்பெட்ல தூக்கிட்டுப் போகட்டும். கார்பெட்டுக்கு அடியில வயரிங் ஓடுது, சில வண்டியில கன்ட்ரோல் யூனிட்டே அங்க இருக்கு.

அவங்க சீட், கார்பெட் எல்லாம் இறக்கி வச்ச பிறகு கூப்பிடுங்க. சாக்கடை கலந்த தண்ணின்னா ஃபெல்ட்ட தூக்கிப் போட்டுட வேண்டியதுதான், அத கழுவித் தர்றேன்னு யாராவது சொன்னா காசு குடுக்காதீங்க. கார்பெட்ட மட்டும் மொட்டை மாடி சுவத்துல தொங்க விட்டு ரெண்டு பக்கமும் கழுவித் தரேன், தகட்டுல துரு பிடிச்ச இடத்துக்கு டிங்கர் பிரைமர் அடிச்சு காஞ்ச பிறகு புது ஃபெல்ட்டோட மாட்டச் சொல்லுங்க.